இல்லாத பாதத்தில் அரிப்பு

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. கல்லிடைக்குறிச்சி மாமாவுக்குச் சர்க்கரை நோயால் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

2. எடுத்த காலை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி, ஆற்றங்கரைச் சுடுகாட்டில் முறைப்படி புதைத்தார்கள்.

3. புண் ஆறியது. ஆனால், இல்லாத அந்தப் பாதம் அரிக்கத் தொடங்கியது. மாமாவுக்குத் தூக்கம் போயிற்று.

4. புதைத்த இடத்தில் காலை எறும்பு மொய்க்கிறது என்று அத்தை முடிவுகட்டினார். தோண்டி எடுத்து, மஞ்சள்தூள் தூவி, மறுபடி புதைக்க ஆளும் சொல்லியாகிவிட்டது.

இந்தக் கட்டத்தில்தான் நான் போய்ச் சேர்ந்தேன். படித்தது எலெக்ட்ரானிக்ஸ்… சும்மா இருக்க முடியுமா?

“எறும்பெல்லாம் இல்ல அத்த. இதுக்கு ‘பேன்டம்’னு பேரு.”

“அப்படின்னா?”

“பேய் மாதிரி…” என்று ஆரம்பித்தது என் தப்பு.

“ஏளா, நான் உயிரோட இருக்கேன். எங் காலு மட்டும் முந்திப் போயி பேயாயிட்டாக்கும்?” என்றார் மாமா, படுத்தபடியே.

அவசரமாக விளக்கினேன். கையில் போன் இல்லாதபோதும் அது அதிர்வதுபோல் தோன்றுகிறதே — அது பேன்டம். ரிமோட்டில் அணைத்த டிவி சத்தமில்லாமல் கரண்ட் இழுக்கிறதே — அதற்கும் அதே பெயர். ஆள் இல்லை, வேலை நடக்கிறது. (ஆள் இருந்தும் வேலை நடக்காத ஆபீஸ்களுக்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை.) கால் போன செய்தி மூளைக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

“அப்போ சேத்துவிடு! ராத்திரி பூரா இவுக புலம்புதாக. நானும் கண்ண மூடணும்லா?” என்றார் அத்தை.

தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரைப் போனில் பிடித்தேன். அவர் சொன்னபடி மாமாவின் கால்களுக்கு நடுவே நீளக் கண்ணாடி ஒன்றை நிறுத்தினோம். அதில் இடது காலின் பிம்பம், வலது கால் இருந்த இடத்திலேயே தெரிந்தது. அத்தை இடது பாதத்தைச் சொறிய, மாமா கண்ணாடியையே பார்த்தார்.

“கீழ… இன்னும் கீழ… அங்கனதான்! ஏட்டி, பைய! தேங்காயா திருவுத?”

“ரெண்டு காலும் இருந்தப்ப ஒரு நாளும் பிடிச்சுவிடச் சொன்னதில்ல. போன பெறவு உபசாரத்தப் பாரு!”

மாமாவின் முகம் மெல்லத் தெளிந்தது. சுடுகாட்டுக்குச் சொல்லியிருந்த ஆளை அத்தையே போனில் அழைத்து, வர வேண்டாம் என்றார்.

இல்லாததை ‘இல்லை’ என்று நிரூபிப்பது சுலபம். அதனால் யாருக்காவது தூக்கம் வந்திருக்கிறதா?

இப்போதைய நிலவரம்: அரிப்பு நன்றாகக் குறைந்துவிட்டது. மாமா தூங்குகிறார். சொறிந்துவிட அத்தையைக் கூப்பிடுவது மட்டும் குறையவில்லை.