மேசைக்கு மேலே தெரிந்த நடுநிலை

தொலைக்காட்சியில் ஒருவர் வணக்கம் சொன்னால் பதிலுக்குக் கைகூப்பிய ஆள் நான். வீட்டில் யாரும் இல்லாதபோதுதான் அப்படிச் செய்தேன் என்று எழுத ஆசை. மனைவி பார்த்துவிட்டாள். “அவருக்கும் சேத்து காபி போடவா?” என்று கேட்டாள்.

அவர் சென்னையில் இருக்கும் ஓர் அரசியல் விமர்சகர். மாலை விவாதத்தில் நாலு பேர் உட்காருவார்கள். மூன்று பேரின் பெயருக்குக் கீழே கட்சியின் பெயர் இருக்கும். இவர் பெயருக்குக் கீழே மட்டும் ‘அரசியல் விமர்சகர்’ என்று போடுவார்கள். கட்சியின் பெயர் இல்லையென்றால் கட்சியே இல்லை என்று எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் கத்தும்போது இவர் தண்ணீர் குடிப்பார். சத்தம் ஓய்ந்ததும், “தரவுகளின் அடிப்படையில் பார்த்தால்…” என்று தொடங்குவார். அந்தத் ‘தரவு’களில் விழுந்தேன். அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவனைச் சாய்க்க அது போதும்.

எனக்கு ஒரு நண்பன். பள்ளியில் ஒரே பெஞ்சு. இப்போது இங்கே சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறான். கட்சிக்காரன், அதை ஒளித்ததே இல்லை. தோற்ற தேர்தலுக்கு மறுநாளும் கொடிக்கம்பத்துக்குப் பெயின்ட் அடிப்பவன். தினமும் காலையில் பேருந்து நிலையத்துக்கு எதிரே டீ குடிப்போம். முந்தைய நாள் விவாதத்தை நான் அவனுக்கு ஒப்பிப்பேன்.

“ஏலே, அந்தாளு எங்க கட்சியை மட்டுந்தான் அடிக்கான், கவனிச்சியா?”

“தப்பு செஞ்சா அடிக்கத்தான் செய்வாரு. அவரு நடுநிலை.”

“அப்ப நாங்க தப்பு செய்யாத வாரம் அவனுக்கு லீவா?”

நல்ல கேள்வி. அதனாலேயே கோபம் வந்தது. “கட்சிக்காரனுக்குக் கண்ணு அவிஞ்சுதான் போயிருக்கும்” என்றேன், கடையில் அத்தனை பேர் கேட்க. அவன் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனான். அதன் பிறகு கடையை மாற்றிக்கொண்டான். அவன் மகள் கல்யாணப் பத்திரிகை எனக்குத் தபாலில் வந்தது. அவன் வீடு அடுத்த தெருவில்.

அப்போதும் நான் திருந்தவில்லை. விமர்சகரின் காணொளிகளைப் பழைய மாணவர் குழு, கரிவலம்வந்தநல்லூர் சொந்தக்காரர்கள் குழு என்று எல்லா வாட்ஸப் குழுக்களுக்கும் அனுப்பினேன். காதுகுத்து அழைப்புக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் நடுவே அவர் தரவுகளோடு பேசிக்கொண்டிருந்தார்.

தேர்தல் வந்தது. அவர் எங்கள் ஊருக்கு வருகிறார் என்று ஆட்டோவில் அறிவித்துப் போனார்கள். கருத்தரங்கம் என்று நானே முடிவு செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு தேரடிக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். சுற்றிலும் ஒரே கட்சியின் கொடி. மற்ற கட்சிகளின் கொடிகள் இன்னும் வந்து சேரவில்லை போலும் என்று நினைத்தேன்.

கார் கதவு திறந்தது. மேலே, தொலைக்காட்சியில் பார்த்த அதே வெள்ளைச் சட்டை. கீழே கரைவேட்டி. மேடையிலிருந்த வட்டச் செயலாளர், ஒன்றியச் செயலாளர் எல்லோரும் கட்டியிருந்த அதே நிறக் கரை. விவாதங்களில் மேசைக்கு மேலேதான் காட்டுகிறார்கள். இடுப்புக்குக் கீழே அவருக்கு என்ன கொள்கை என்று நான் யோசித்ததே இல்லை.

“தரவுகளின் அடிப்படையில்” என்றுதான் தொடங்கினார். டீக்கடையில் நான் ஒப்பித்த அதே வாக்கியங்கள், அதே வரிசையில். கடைசியில் சின்னத்துக்கு ஓட்டுக் கேட்டது மட்டும் புதிது. கட்சியில் இருப்பது அவர் உரிமை. ஆனால் நண்பன் பேசும்போது, கட்சிக்காரன்தானே என்று பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்பேன். தள்ள வேண்டியது எவ்வளவு என்பது அவன் வேட்டிக் கரையிலேயே இருந்தது. இவர் அந்த வசதியை எனக்குத் தரவில்லை. இவரை முழுசாக விழுங்கினேன்.

எழுந்து நழுவப் பார்த்தேன். வட்டச் செயலாளர் பிடித்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, எங்க போறீய? மேல வாங்க! வாட்ஸப்ல நம்மளுக்கு எம்புட்டு வேலை பாத்திருக்கீய!”

மேடையேற்றித் துண்டு போர்த்தினார்கள். விமர்சகர் என் கையைப் பிடித்து, “உங்களை மாதிரித் தொண்டர்கள்தான் பலம்” என்றார். கண் அடுத்த ஆளைத் தேடிக்கொண்டிருந்தது. யாரோ படமெடுத்தார்கள்.

மறுநாள் காலை நண்பனின் புதிய டீக்கடைக்குப் போனேன். படம் எனக்கு முன்பே அங்கே போய்விட்டது. கடையில் ஒருவர் கனைத்தார். நண்பன் நிமிரவில்லை.

“ஏமாந்துட்டேன்ல. நீ சொன்னதுதான் சரி” என்றேன்.

டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான். “எவ்வளவு தந்தானுவ?”

“யாரு?”

“அந்தக் கட்சிக்காரனுவதான். இத்தனை நாளு நீ பேசுனதுக்கு.”

“ஒண்ணும் தரலை. நானாத்தான் பேசுனேன்.”

அப்போதுதான் தலையைத் தூக்கி என்னை முழுசாகப் பார்த்தான்.

“துட்டு வாங்கிட்டுப் பேசுதான், பிள்ளைய படிப்புச் செலவு இருக்கும், போயிட்டுப் போறான்னுல்லா உன்னைய மன்னிச்சு வச்சிருந்தேன். சும்மாவால பேசுன?”