வட்டவளை மழையில் ஒரு பீட்சா போறணை

நான் முதன்முதலாகப் பிசைந்த பீட்சா மாவின் மேல் பக்கத்து வீட்டு அக்கா உட்கார்ந்துவிட்டார்.

அவர் மேல் தவறில்லை. ஈஸ்ட் போட்ட மாவைச் சூடான இடத்தில் வைத்தால் பொங்கி வரும் என்று ஃபோனில் பார்த்த வீடியோவில் சொன்னார்கள். மலைக் குளிரில் கிடக்கும் எங்கள் வட்டவளையில் சூடான இடம் என்று ஒன்று இருந்தால் அது கட்டில்தான். மாவைப் பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி, கம்பளியில் சுற்றிக் கட்டில் ஓரமாக வைத்திருந்தேன். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்த அக்கா, கால் வலிக்கிறது என்று சரியாக அதன் மேலேயே அமர்ந்தார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் கதையை முழுவதும் சொல்லி முடித்துவிட்டு, கம்பளியை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"மெத்த புதுசா டீச்சர்? நல்லா அமுங்குது."

அன்று சாயங்காலம் அந்த மாவைத் தோசைக்கல்லில் போட்டேன். அடிப்பக்கம் கருகியது, மேல்பக்கம் பச்சையாகவே இருந்தது, நடுவில் சீஸ் உருகாமல் முறைத்துக்கொண்டிருந்தது. என் கணவர் அதையும் சாப்பிட்டு முடித்தார். கடை வேலையாகக் கொழும்புக்குப் போனபோது யாரோ வாங்கிக் கொடுத்த பீட்சாவைச் சாப்பிட்டுவிட்டு வந்ததிலிருந்து அவருக்கு அதே நினைப்பு.

"இது ஒன்னோட குத்தம் இல்ல, அடுப்போட குத்தம்" என்றார் கை கழுவிக்கொண்டே. "இதுக்குப் போறணை வேணும். நம்மளே கட்டிருவோம்."

போறணை என்றால் பேக்கரியில் பாண் சுடும் செங்கல் அடுப்பு. ஹட்டன் டவுனில் ஹாட்வெயார் கடையில் சீமெந்து விற்பவர் என்பதால் இவர் தன்னை அரை மேசனாகவே நினைத்திருந்தார். தோட்டத்து வரிசை வீடான லயத்தைவிட்டுத் தனி வீட்டுக்கு வந்த பிறகு எங்களுக்குப் பின்பக்கம் கொஞ்சம் இடமும் கிடைத்திருந்தது. நான் அங்கே லீக்ஸ் பாத்தி போடலாம் என்று இருந்தேன்.

மறுநாளிலிருந்து கடையில் உடைந்து கிடந்த செங்கற்களைப் பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவர ஆரம்பித்தார். பையைத் தூக்கிப் பார்த்த கண்டக்டர், வீடு கட்டுகிறீர்களா என்று சிங்களத்தில் கேட்டாராம். இவரும் ஆமாம் என்று சொல்லிவிட்டார். பீட்சாவை விளக்குவதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும் என்றார் என்னிடம்.

செங்கல்லால் மேடை கட்டி, அதன் மேல் மணலைக் குவித்து, மணலின் மேல் களிமண்ணைக் கனமாகப் பூச வேண்டும். களிமண் காய்ந்ததும் உள்ளே இருக்கும் மணலை வாரி எடுத்தால் போறணை தயார். வீடியோவில் இதைச் செய்து காட்டியவர் அரைக்கைச் சட்டை போட்டு நல்ல வெயிலில் நின்றார். எங்களுக்குக் 'காய்ந்ததும்' என்ற சொல்லில்தான் சிக்கல். முதலில் பூசிய களிமண் இரவு பெய்த மழையில் கரைந்து, காலையில் எருமை படுத்துக் கிடப்பதுபோல் கிடந்தது. இவர் மேலே தகரக் கூரை போட்டு, களிமண்ணில் மானாப் புல்லை வெட்டிப் போட்டு மிதித்து, மறுபடியும் பூசினார்.

மாமா, அதாவது இவருடைய அப்பா, குடை பிடித்தபடி கதிரையில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். வேலை செய்த காலமெல்லாம் தேயிலை பெக்டரியில் நெருப்புக்கு விறகு தள்ளியவர் அவர். நெருப்பு சம்பந்தப்பட்ட எதுவும் தன்னைக் கேட்காமல் நடக்கக் கூடாது என்பது அவர் எண்ணம்.

"பொகைக்கு வழி எங்கடா?"

"வாசல் வழியாவே வரும்ப்பா. வீடியோவுல சொல்றாங்க."

"அவன் எந்த பெக்டரியில வேல செஞ்சான்?"

இவர் களிமண்ணை இன்னும் ஓங்கி மிதித்தார்.

ஒருவழியாகக் களிமண் காய்ந்தது. மணலை வாரி எடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நெருப்பு மூட்டலாம் என்று முடிவு செய்தோம். அன்று காலையில் விறகோடு பின்பக்கம் போனவர் அதே விறகோடு திரும்பி வந்தார்.

"உள்ள நாய் குட்டி போட்டிருக்கு."

போய்ப் பார்த்தேன். ரோட்டில் திரியும் செம்பட்டை நாய், மழை படாத, காற்று வராத இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தது. நான் குனிந்ததும் உறுமியது. செய்தி கேட்டு வந்த பக்கத்து வீட்டு அக்கா கையில் ஒரு சட்டி மீன் சோறு இருந்தது.

"பச்ச ஒடம்புக்காரி, தம்பி. மழையில வெரட்டிறாதீங்க" என்றார் இவரிடம்.

இவர் விரட்டவில்லை. தினமும் வேலை முடிந்து வந்து, பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு போறணைக்கு முன்னால் குந்தியிருந்து உள்ளே பார்த்துக்கொண்டிருப்பார். பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்மார், பீட்சா எப்போது என்று என்னைக் கேட்டார்கள். குட்டிகள் கண் திறக்கட்டும் என்று சொன்னேன். வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். குட்டிகள் நடக்கத் தொடங்கியதும் அந்த நாயே அவற்றை அக்கா வீட்டு விறகுக் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. நான் உள்ளே மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். அது மறுபடியும் காய ஒரு வாரம் பிடித்தது.

புதுப் போறணையில் முதலில் சின்ன நெருப்பாகத்தான் போட வேண்டுமாம். இவர் நாலு குச்சியை வைத்துப் பற்றவைத்துவிட்டு, சீஸ் வாங்க ஹட்டனுக்குப் போனார். நான் குசினியில் தக்காளி வெட்டிக்கொண்டிருந்தேன். மாமா வெளியே உட்கார்ந்து அந்த நாலு குச்சியைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவரால் தாங்க முடியவில்லை. வீட்டு அடுப்புக்கு வைத்திருந்த தேயிலைக் கட்டை முழுவதையும் உள்ளே தள்ளிவிட்டார்.

இவர் திரும்பி வந்தபோது போறணை வாசலில் நெருப்பு நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. களிமண் மேலிருந்து கீழ்வரை வெடித்து, வெடிப்பு வழியாக ஆவி போனது.

"இப்பதான் சூடு" என்றார் மாமா திருப்தியாக. "பொகைக்கும் வழி வந்துருச்சு."

இவர் அப்பாவைப் பார்த்தார், வெடிப்பைப் பார்த்தார், கையிலிருந்த சீஸைப் பார்த்தார். பிறகு பலகையை எடுத்து வந்தார். முதல் பீட்சாவைப் பலகையில் வைத்து உள்ளே தள்ளியபோது பாதி ஒட்டிக்கொண்டது, பாதி மடிந்து நெருப்பில் விழுந்தது. இரண்டாவது ஒழுங்காக உள்ளே போனது. தட்டு எடுக்க நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அது கரியாகிவிட்டது. மூன்றாவதில் பலகையே பற்றிக்கொண்டது. பிறகு மழை பிடித்தது. எல்லோரும் வீட்டுக்குள் போய்ச் சோறும் பருப்பும் சாப்பிட்டோம். இவர் பருப்பைக்கூடச் சரியாகப் போட்டுக்கொள்ளவில்லை.

பின்னேரம் குளிர் ஏறியது. போறணை இன்னும் சூடாக இருந்ததால் மூன்று பேரும் தகரத்துக்கு அடியில் நின்று குளிர் காய்ந்தோம். உள்ளே நெருப்பு அடங்கித் தணல் மட்டும்தான் கிடந்தது. ஒரு உருண்டை மாவு மிச்சம் இருப்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதை அலுமினியத் தட்டில் பரப்பி, நெத்தலியும் லீக்ஸும் தூவி, சீஸைப் போட்டு உள்ளே வைத்தேன். பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஓரம் உப்பிப் பொன்னிறமாக வந்தது. சீஸ் கொதித்தது. இவர் அதைப் பார்த்த பார்வை, எங்கள் கல்யாணப் படத்தில்கூட இல்லாத பார்வை.

மிளகாய் இடித்த கட்ட சம்பல் தொட்டுச் சாப்பிட்டோம். மாமா ஒரு துண்டை நிதானமாக மென்று முடிக்கும்வரை இவர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொட்டி நல்லாத்தான் இருக்கு" என்றார் மாமா. "மேல ஒட்டிக்கிட்டிருக்கே ஒரு பசை, அத மட்டும் எடுத்துட்டா இன்னும் நல்லா இருக்கும்."

இவர் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். மாமாவின் அடுத்த துண்டிலிருந்து சீஸை மெதுவாகச் சுரண்டியெடுத்துத் தன் துண்டின் மேல் வைத்துக்கொண்டார்.