அந்த ஆல்பத்தைச் செய்தவர் தனபாக்கியம்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். மலாக்கா பண்டார் ஹிலிரில் நான் வேலை பார்க்கும் ஸ்டூடியோவின் பின்கட்டில் உட்கார்ந்து, ஒரு மணப்பெண்ணின் படத்தில் சேலைக்குச் சிவப்பு தீட்டிக்கொண்டிருந்தேன். பின்வாசலில் நிழல் தட்டியது. தனபாக்கியம் அக்காவின் கணவர் முனியாண்டி அண்ணன் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். தண்ணீர்க் குழாய் வேலைக்குப் போகும் காக்கிச் சட்டையோடே வந்திருந்தார்.

“பாய், அவ போயிட்டா. விடியக்காலையில ஆஸ்பத்திரியிலயே முடிஞ்சிருச்சு,” என்றார்.

இன்னாலில்லாஹி என்று வாய் தானாகச் சொன்னது. தூரிகையை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. மணப்பெண்ணின் தோளில் சிவப்பு இழுவிக் கிடந்ததைப் பிறகுதான் பார்த்தேன். முன்கடையில் இருந்த முதலாளி அவர்களிடம் போய்ச் செய்தியைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “அடடா, நல்ல கை,” என்றார். ஓர் ஆள் போயிருக்கிறார். அவருக்கு நினைவு வந்தது கை மட்டும்தான்.

திருமதி தனபாக்கியம் முனியாண்டி அவர்களை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. காஜா பெராங்கில் பலகை வீட்டில் குடியிருந்தவர். கல்யாண ஆல்பம் ஒட்டுவதைத் தொழிலாகக் கொண்டவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் எனக்கு அக்கா. அவருக்கு நான் பாய். அவரை அறிந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. நீங்கள் அறிந்து வைத்திருப்பதில் பாதி பொய். அதைத் திருத்தவே இதை எழுதுகிறேன். துக்கத்தில் எழுதுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். கோபத்தில்தான் எழுதுகிறேன்.

அக்கா ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தார். கல்யாணமாகி மலாக்கா வந்து, ஜப்பான்காரன் போன மறு வருஷம் ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். அவருக்குப் பின்னால் சில மாதங்கள் கழித்து நான் வந்தேன். என் வேலை கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் தீட்டுவது. அவர் வேலை, படங்களைக் கறுப்புத்தாள் ஆல்பத்தில் அழகாக ஒட்டுவது. மரவள்ளி மாவில் பசை காய்ச்சுவார். பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில் துத்தம் போடுவார். எதிரெதிர் மேசை எங்களுக்கு.

முதலாளி அவர்கள் மாதிரிக்கென்று ஒரு சீமை ஆல்பத்தை வைத்திருந்தார். அதைப் பார்த்துத்தான் எல்லாமே ஒட்ட வேண்டும். சீமைப் பத்திரிகைகளிலிருந்து ரோஜாப் பூக்களை வெட்டி நான்கு மூலையிலும் ஒட்டுவது, மாப்பிள்ளை பெண் படத்தை இதய வடிவில் நறுக்குவது, ஓரத்தில் இரண்டு வெள்ளைப் புறா. மூன்று வருஷம் அக்கா அப்படியேதான் செய்தார். ரோஜா வெட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒருநாள் ஆல்பம் வாங்க வந்த பெண்ணின் தாயார் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம வூட்டுக் கல்யாணம் மாதிரியே இல்லையே. வெள்ளக்கார தொர வூட்டு மாதிரில்ல இருக்கு,” என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

இன்னொரு வழக்கமும் அந்தத் தொழிலில் உண்டு. வீட்டார் வந்து இன்னாரை எடுத்துவிடுங்கள் என்பார்கள். சண்டைபோட்ட பங்காளி, ஏழைச் சித்தி, சட்டை போடாத மாமன். அக்கா கத்தரியை எடுத்து ஓரத்தில் நின்றவரை நறுக்கிவிடுவார். அப்படி நறுக்கப்பட்டவர்களில் ஒருவர் கள் இறக்குபவர், மணப்பெண்ணின் தாய்மாமன். பத்து நாள் கழித்து அவரே ஸ்டூடியோவுக்கு வந்துவிட்டார். சலவைச் சட்டை போட்டு, தலை வாரிக்கொண்டு வந்திருந்தார். “ஆல்பத்த ஒரு தடவ பாத்துட்டுப் போறேம்மா. தாலி எடுத்துக் குடுத்தது நாந்தான்,” என்றார். ஒவ்வொரு பக்கமாகத் தன்னைத் தேடினார். கடைசிப் பக்கம் வந்ததும் மறுபடி முதலிலிருந்து தேடினார். “படத்துல நான் சரியா வுழல போலருக்கு,” என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டு எழுந்து போனார். அக்கா தலையை நிமிர்த்தவே இல்லை.

“பாய், இனிமே நான் ஒருத்தரையும் வெட்ட மாட்டேன்,” என்றார்.

“வீட்டுக்காரங்க கேட்டா?”

“மடிச்சு ஒட்டுவேன். பின்னால அவங்க பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும்.”

அன்று முதல் அவர் கைக்கு ஒரு நடை வந்தது. ரோஜாவையும் புறாவையும் விட்டொழித்தார். கல்யாண வீட்டுக்கே பிரம்புக் கூடையோடு போவார். அழைப்பிதழின் மஞ்சள் தடவிய ஓரம், பந்தலில் கட்டிய காகிதப் பூ, முகூர்த்தச் சேலையின் ஒற்றைச் சரிகை நூல், ஊரிலிருந்து வந்தவர்களின் பஸ் டிக்கெட்டு, எல்லாவற்றையும் கேட்டு வாங்கி வருவார். படங்களைச் சதுரமாக அடுக்காமல், சமையல்கட்டில் நின்றவர்களில் தொடங்கி மணவறையில் முடியும்படி ஒட்டுவார். முதல் பக்கத்தில் மாப்பிள்ளை இருக்க மாட்டார். தேங்காய் துருவுகிற பெண் இருப்பார். முதலாளி அவர்கள் முதலில் முறைத்தார். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரைக் கூட்டி வந்து, ‘அந்தம்மா ஒட்டுகிற மாதிரியே வேண்டும்’ என்று கேட்கத் தொடங்கியதும் வாயை மூடிக்கொண்டார். எப்படி இந்த யோசனை வந்தது என்று நான் கேட்டதுண்டு. “யோசனையெல்லாம் இல்ல பாய். அந்த மாமா தேடுனாரே, அவரு தேடாம கெடைக்கணும். அவ்ளோதான்,” என்றார்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த ஆண்டில், மலாக்காவில் நம்மவர்கள் வாழ்ந்த கதையைச் சொல்லும் ஓர் ஆல்பத்தை மண்டபத்தில் பார்வைக்கு வைப்பதென்று ஒரு சங்கத்தார் முடிவு செய்தார்கள். பொறுப்பு முதலாளி அவர்களுக்கு வந்தது. அவர் அதை அக்காவின் மேசையில் வைத்துவிட்டு முன்கடைக்குப் போய்விட்டார். ஆறு மாதம் அக்கா வீடு வீடாக ஏறி இறங்கினார். தலைமுறைகளாகத் தமிழ் மறந்துபோன காஜா பெராங் செட்டிமார் வீடுகளுக்குப் போய் மலாயில் பேசிப் படம் வாங்கினார். எங்கள் ஜவுளிக்கடைச் சாயபுமார்களிடம் வாங்கினார். தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் போனார். எந்த வீட்டிலும் யாரும் மறுக்கவில்லை. ஒவ்வொரு முகத்துக்கும் உரிய பெயர் அவர் மனதில் இருந்தது. அவர் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று.

“முதலாளி, கடைசிப் பக்கத்துல சின்னதா எம்பேரப் போட்டுக்கறேன்.”

“தாப்பா, தாப்பா. பாத்துக்கலாம்மா,” என்றார் முதலாளி. மலாயில் அதனாலென்ன என்று அர்த்தம். அக்கா அதை நம்பினார். கடைசிப் பக்கத்தில் வெள்ளை மையால், ‘ஒட்டியவர் தனபாக்கியம், காஜா பெராங்’ என்று எழுதினார். அந்த வரியைக் காய வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்திருந்தார். அவர் தம்முடைய பெயரை ரசித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மண்டபத்துக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் முதலாளி பின்கட்டுக்கு வந்து, “பாய், ஒங்க பிளேடு இருக்கா?” என்றார். படத்தில் புள்ளி சுரண்டுகிற என் பிளேடைக் கொடுத்தேன். எதற்கென்று கேட்கவில்லை. மறுநாள் மண்டபத்தில் ஆல்பத்தைப் பார்த்தபோது கடைசிப் பக்கம் இல்லை. அட்டையில் தங்க எழுத்தில், உருவாக்கியவர் என்று முதலாளியின் பெயர் இருந்தது. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒருவர் பெயரை வெட்டி எறிந்தவருக்கு இங்கே இடமில்லை.

விழாவுக்கு வந்த மலாய் அதிகாரி ஒருவர் நல்ல மனிதர். நின்று நிதானமாகப் புரட்டினார். மாட்டு வண்டியின் அருகே நிற்கும் ஒரு பெரியவரைத் தொட்டு, “இனி சியாப்பா?” என்று கேட்டார். இது யார் என்றார். முதலாளிக்கு அது யாரென்று தெரியவில்லை. கூட்டத்தில் கண்ணை ஓட்டி, தூணோரம் முனியாண்டி அண்ணனோடு நின்றிருந்த அக்காவைக் கண்டுபிடித்தார்.

“தனம், கொஞ்சம் வந்து சொல்லும்மா.”

அக்கா நின்ற இடத்திலிருந்தே, “நீங்கதான செஞ்சீங்க முதலாளி. நீங்களே சொல்லுங்க,” என்றார். குரலை உயர்த்தவில்லை. மண்டபம் முழுவதற்கும் கேட்டது.

முதலாளி அதிகாரியிடம் திரும்பி, படத்தில் இருப்பவர் செட்டிமார் குடியில் பெரிய மனிதர் என்று மலாயில் அளந்தார். பின்னால் நின்ற ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், “அது எங்க அத்தா. தலையில தொப்பி இருக்கறது தெரியலயா?” என்றார். வெளிச்சம் போதவில்லை என்றார் முதலாளி. அடுத்த படத்தைப் பற்றி அதிகாரி கேட்கவே இல்லை. அன்று எனக்கு வயிறு குளிர்ந்தது. இப்போதும் குளிர்கிறது. ஆனால் மாலை அவர் கழுத்தில்தான் விழுந்தது. பத்திரிகையில் படமும் அவருடையதுதான் வந்தது.

அக்கா மறுநாள் வேலையை விட்டார். நான் விடவில்லை. மூன்று பிள்ளைகள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிளேடு கொடுத்தவனும் நான், பிறகு வாய் திறக்காதவனும் நான். என் கணக்கில் அது இருக்கிறது.

“அந்தம்மா பசை காய்ச்சிக் குடுத்தாங்க. அவ்ளோதான்,” என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லி வைத்தார். உங்களில் பலர் அதை நம்பினீர்கள். அக்கா சங்கத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். மூன்றிலும் ஒரே கோரிக்கை: ஆல்பத்தில் என் பெயரைப் போடுங்கள். முதலிரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதற்கு, ஆல்பம் சமுதாயத்தின் சொத்து, தனிப்பட்டவர் பெயர் எதற்கு என்று எழுதினார்கள். அட்டையிலிருந்த தங்க எழுத்து எந்தச் சமுதாயத்தின் பெயர் என்று அவர்கள் சொல்லவில்லை. அதன்பின் அக்கா வீட்டிலேயே ஆல்பம் ஒட்டினார். ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்திலும் பெரிய எழுத்தில் தம் பெயரைப் போட்டார். “இத எவன் வெட்டறான் பாப்போம்,” என்பார். சிரிக்க மாட்டார்.

இறப்பதற்கு நான்கு நாள் முன்பு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். ஆரஞ்சுப் பழம் கொண்டு போனேன். அதைத் தலைமாட்டில் வைக்கச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பாய், நான் போனா அவரு வருவாரு. பெரிய மாலையா வரும். வாங்கிப் போட்டுக்குங்க, சண்ட வேணாம். ஆனா நான் மன்னிச்சிட்டேன்னு மட்டும் யாரும் சொல்லிடக் கூடாது. நான் மன்னிக்கல.”

“அப்படியெல்லாம் பேசாதீங்க அக்கா.”

“ஏன் பேசக் கூடாது? சாவப் போறவ மன்னிச்சிட்டுத்தான் சாவணும்னு சட்டமா? எம்பேரு அதுல ஏறல. ஏறற வரைக்கும் நான் மன்னிக்க மாட்டேன். நீங்க இத நாலு பேருக்குத் தெரியச் சொல்லணும்.”

சொல்கிறேன் என்றேன். இந்தத் தடவை தப்பிக்க வழியில்லை.

மாலை வந்தது. அக்கா சொன்னது போலவே பெரிய மாலை. முதலாளி அவர்கள் சவப்பெட்டியின் அருகே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எம்பொண்ணு மாதிரி. எங்களுக்குள்ள இருந்த சின்ன மனஸ்தாபத்தக்கூட மறந்துட்டுத்தான் போயிருக்காங்க,” என்றார். முனியாண்டி அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வெளியே வந்ததும் முதலாளி என் தோளில் கைபோட்டு, பதினாறாம் நாளுக்கு நினைவு மலர் ஒன்றைத் தாமே அச்சிட்டுத் தருவதாகச் சொன்னார். “நீங்க கூட வேல செஞ்சவரு. நாலு பக்கம் உருக்கமா எழுதிடுங்க பாய். ஆல்பத்துக்குப் பசை காய்ச்சி ஒத்தாசையா இருந்தாங்கன்னு ஒரு வரி மறக்காம போட்டுடுங்க.”

ஒரு வரி என்றார். நான் இத்தனை வரி எழுதிவிட்டேன்.

அச்சகத்திலிருந்து மாதிரிப் படி வந்தபோது அவருக்கு எதிரேதான் நின்றேன். அட்டையைப் பார்த்தார். ஸ்டூடியோவின் பெயர் தங்க எழுத்தில் வரட்டும் என்றார். திருப்பிக் கொடுத்துவிட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் அவருக்கு என்றுமே இருந்ததில்லை. இந்தக் கடைசி வரிகளை அதன் பிறகுதான் அச்சுக்குக் கொடுத்தேன். இன்றோடு அந்த ஸ்டூடியோவுக்கும் எனக்கும் முடிந்தது. என் தூரிகைகளைக் கட்டி வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

அக்கா, போய் வாருங்கள். சுதந்திர ஆண்டில் மண்டபத்தில் வைத்த ஆல்பத்தைச் செய்தவர் நீங்கள். அதை அச்சில் ஏற்றிவிட்டேன். நீங்கள் அவரை மன்னிக்கவில்லை என்பதையும் ஏற்றிவிட்டேன். அவரோடு சேர்த்து என்னையும் மன்னிக்காமல் விட்டிருந்தால், அதுவும் நியாயம்தான்.

இதைப் படிக்கிறவர்கள் கொஞ்சம் தலையை நிமிர்த்திப் பந்தல் வாசலைப் பாருங்கள். இந்தப் புத்தகத்தை ஆளுக்கொன்றாகத் தம் கையாலேயே கொடுக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு, வருகிறவர்களைக் கும்பிட்டபடி ஒருவர் நின்றுகொண்டிருப்பார். அவர்தான்.