ரோலர் டாக்டர்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கு அடையாள அட்டையோடு சரி. தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவர் டாக்டர். வைத்தியம் பார்த்ததெல்லாம் ஒரே நோயாளிக்குத்தான்: லேமினேஷன் மெஷினின் ரப்பர் ரோலர். அட்டையையும் பளபளக்கும் பிளாஸ்டிக் படலத்தையும் சூடான இரும்பு ரோலரோடு அழுத்தி ஒட்டவைப்பது அதுதான். ஓரத்தில் பிதுங்கும் பசை அதன்மேல் படிந்து காய்ந்துவிடும். ஷிப்ட் முடிந்ததும் மெஷினை நிறுத்தி, ரோலரில் வெதுவெதுப்பு இருக்கும்போதே, மருந்தில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். மருந்து என்றால் பசையைக் கரைக்கும் திரவம்தான். டாக்டர் கையில் இருப்பதை வேறு எப்படிச் சொல்வது?

இருபத்திரண்டு வருடமாக அந்தத் துணியை அவர் யாரிடமும் கொடுத்ததில்லை. ரோலரைக் கையாலேயே உருட்டி உருட்டி, கைக்குழந்தைக்கு முதுகு துடைப்பதுபோல் துடைப்பார். வீட்டில் குடித்த டம்ளரைக்கூட நகர்த்தி வைக்காத மனிதர். "நான் அந்த ரோலரா பொறந்திருக்கலாம்," என்பாள் மனைவி. அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

மெஷினுக்கு எதிர்ச்சுவரில் அவர் கைப்பட எழுதிய விதிகள் தொங்கின. ஒன்று: மோதிரம், வளையல், வாட்ச் கழற்றாமல் ரோலரைத் தொடக் கூடாது. இரண்டு: பசையைச் சுரண்ட பிளேடு கூடவே கூடாது. மீதி ஏழு விதிகளும் இதையே வெவ்வேறு கோபத்தில் சொல்பவை. படலச் சுருள் மாட்டுகிற பெண் ஒருநாள் மறந்துபோய் வளையலோடு வந்துவிட்டாள். எல்லோர் முன்னாலும் அவளை நிறுத்தி, முதல் விதியை மூன்று தடவை சத்தமாக வாசிக்க வைத்தார். அன்றிலிருந்து அவள் கல்யாண மோதிரத்தைக்கூடக் கழற்றி டிபன் டப்பாவில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவாள்.

இந்த அழகில் போன மாதம் முதலாளி டாக்டருக்குப் பாராட்டு விழா வேறு நடத்திவிட்டார். 'சிறந்த பராமரிப்பாளர்' என்று புகழ்ந்து, மேலே ரோலர் வடிவம் புடைத்த மோதிரம் ஒன்றை விரலில் மாட்டினார். அளவு கொஞ்சம் சின்னது. போனது போனதுதான், திரும்பி வரவில்லை. டாக்டரும் கழற்றப் பார்க்கவில்லை. அவரைப் பொறுத்தவரை அது மோதிரமே இல்லை, மரியாதை. மரியாதையை யாராவது கழற்றி வைப்பார்களா?

மூன்றாவது வாரம் அட்டையில் கொப்புளம் வந்தது. அறுபத்து மூன்று சென்டிமீட்டருக்கு ஒன்று, தவறாமல். ரப்பர் ரோலரின் சுற்றளவும் அதேதான். ரோலரில் ஒரு வெட்டு இருக்கிறது, சுற்றுக்கு ஒரு தரம் அது அட்டையில் பதிகிறது. டாக்டர் நேராக ஆபீஸ் அறைக்குப் போனார்.

"அந்தச் சுருள் மாட்டுற பொண்ணு பிளேடு போட்டிருக்கா சார்," என்றார் மேலாளரிடம். "நான் கை கழுவப் போற நேரம் பாத்து சுரண்டியிருக்கா. அந்த மெஷின்ல இருக்கிறது நாங்க ரெண்டு பேர். நானா வெட்டுவேன்?"

"எழுதிக் குடுங்க. நாளையோட அனுப்பிடலாம்."

இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். விஷயம் தெரிந்ததும் அவள் மெஷினடிக்கு வந்தாள்.

"இந்த வேலை போனா எனக்கு வேற போக்கிடம் இல்லண்ணே. நான் பிளேடைக் கையால தொட்டதில்ல."

"ரோலர் பொய் சொல்லாதும்மா."

"அப்ப அந்த வெட்டைக் காட்டுங்க."

மெஷின் நின்றிருந்தது. டாக்டர் உள்ளங்கையை ரோலர்மேல் வைத்து மெல்ல உருட்டினார். ஓரிடத்தில் கை நின்றது. வெட்டைத் தேடிப் பிடித்தது விரல் இல்லை, மோதிரம். அதன் புடைத்த முனை வெட்டுக்குள் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. மோதிரத்தின் இடுக்கில் கறுப்பாக ரப்பர் தூள். அவரும் பார்த்தார், அவளும் பார்த்தாள்.

"கையை அப்படியே வைங்கண்ணே," என்றாள். "சாரைக் கூட்டிட்டு வரேன்."

அவள் போய் வருவதற்குள் கையை எடுத்து, மோதிரத்தைத் துடைத்து, ஒன்றும் தெரியாதவர்போல் நின்றிருக்கலாம். எடுக்கத்தான் நினைத்தார். எதிரே முதல் விதி அவருடைய கையெழுத்திலேயே முறைத்துக்கொண்டிருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கையை எடுக்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவர் பார்த்த உருப்படியான வைத்தியம் அது ஒன்றுதான்.

மேலாளர் குனிந்து பார்த்தார். "முதலாளி போட்ட மோதிரம் வெட்டிடுச்சுன்னு நான் எப்படி எழுதறது? ரப்பர் தானா தேஞ்சுடுச்சுன்னு எழுதிக்கறேன்."

"எப்படி வேணா எழுதிக்குங்க சார்," என்றாள் அவள். "என்மேல எழுதினதை மட்டும் கிழிங்க."

டாக்டரே வாங்கிக் கிழித்தார்.

அன்றைக்கு வீட்டில் சோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டார். மனைவி பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அரைக் கட்டி சோப்பு கரைந்தும் மரியாதை விரலை விட்டு அசையவில்லை.

மறுநாள் புது ரோலர் மாட்டினார்கள். ஷிப்ட் முடிந்ததும் டாக்டர் வழக்கம்போல் துணியை எடுத்தார். அவள் வந்து அவர் விரலைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள்.

"வாசிங்கண்ணே."

வாசித்தார்.

"மூணு வாட்டி," என்று சொல்லித் துணியை வாங்கிக்கொண்டாள். அவர் மூன்றாவது தடவை முடிப்பதற்குள் அவள் பாதி ரோலரைத் துடைத்திருந்தாள்.