டெஸ்ஸின் மேசையில் பொடிச்சாமானுக்கும் எடை உண்டு

வாரம் முழுக்க விமான நிலையத்தில் ஊராரின் பைகளைத் தராசில் வைத்து எடுக்கிற ஒரு மனிதர், ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து இல்லாத மெழுகுவத்திக்கும் இல்லாத சாவிக்கும் எதற்காக எடை பார்க்க வேண்டும்? நான் பள்ளி முடித்த ஆண்டில் யாராவது இதைக் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

டெஸ் வில்மாட் எங்கள் ஃபிளிண்டர்ஸ் தீவிலேயே பிறந்தவர். மேல்வகுப்புக்காகக் கடல் தாண்டி லான்செஸ்டன் நகரத்துக்குப் போய் விடுதியில் தங்கினார். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போக, படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். அங்கிருந்து அவர் கொண்டுவந்தது விதவிதமான பகடைகளும் கதை விளையாட்டும்தான். அம்மா இறந்த பிறகும் அவர் தீவை விட்டுப் போகவில்லை, கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. ஐம்பதைத் தாண்டிவிட்டார். "பை மூணு கிலோ கூட இருக்கு" என்பதுதான் சில நாட்களில் அவர் பேசுகிற ஒரே முழு வாக்கியம்.

ஊர் மன்றத்தின் பின்னறையில் விளையாட உட்கார்ந்தால் அவர் வேறு ஆள். கதையை அவர் சொல்வார். அதற்குள் நாங்கள் மூன்று பேர் ஆளுக்கொரு பாத்திரமாக நடமாடுவோம். சந்தேகம் வந்தால் பகடை முடிவு செய்யும். நான் வைத்தியர். இறால் படகில் வேலை செய்யும் ஃப்ரேசர் போர்வீரன். பேக்கரி நடத்தும் லியான், பிரையர் என்ற திருடி.

அவரவர் தூக்கிச் செல்வதற்கு ஓர் அளவு உண்டு. வாள் ஒரு சுமை, கயிறு ஒரு சுமை. பொத்தான், மணி, மெழுகுவத்தி போன்ற பொடிச்சாமான்களை மற்ற ஊர்களில் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. டெஸ் சேர்ப்பார். ஒன்பது வரை சும்மா. பத்தாவது வந்தால் பத்தும் சேர்ந்து ஒரு சுமை.

ஃப்ரேசர் வாரம் தவறாமல் வம்பிழுப்பான். "தலைவரே, இல்லாத மெழுகுவத்திக்கு ஏது எடை?"

"இல்லாததை நீ ஏன்டா தூக்கிட்டு வர்ற?" என்பார் டெஸ்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கதைக்குள் கிடைத்ததைக் கதைக்குள் இருப்பவர்தான் கொடுத்ததாகச் சொல்ல வேண்டும். சத்திரக்காரி கொடுத்தாள், படகோட்டி கொடுத்தான், இப்படி. மறந்துபோய் "டெஸ் குடுத்தார்" என்று சொல்லிவிட்டால் அன்றைக்குக் கோப்பைகளைக் கழுவ வேண்டும்.

அந்தக் குளிர்காலத்தில் லியானுக்கு லான்செஸ்டனிலிருந்து ஒரு வேலை வந்தது. பெரிய பேக்கரி, நல்ல சம்பளம், பக்கத்திலேயே அக்கா வீடு. இந்த வெள்ளி போய் அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அதைச் சொன்னபோது அவள் டெஸ்ஸைத்தான் பார்த்தாள். டெஸ் பகடையைப் பார்த்தார். அவள் போய்விடக் கூடாது என்று அவர் தவிப்பது எனக்கும் ஃப்ரேசருக்கும் தெரியும். ரொட்டி வாங்க வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் தெரியும். அவள் மனசில் என்ன இருக்கிறது என்பதுதான் அவருக்குத் தெரியாது. கேட்கிற தைரியமும் இல்லை.

அடுத்த ஞாயிறு மேற்குக் காற்று ஜன்னலை உலுக்கிக்கொண்டிருந்தது. லியான் சுட்டுக் கொண்டுவந்த, சிப்பிக்கறி அடைத்த ஸ்காலப் பை ஆறுவதற்குள், கதையில் நாங்கள் பாதாளத்தில் ஓடும் ஓர் ஆற்றின் கரைக்கு வந்துவிட்டோம். நீந்தித்தான் கடக்க வேண்டும். ஐந்து சுமைக்கு மேல் வைத்திருப்பவர் மூழ்குவார் என்றார் டெஸ். நானும் ஃப்ரேசரும் கணக்குப் பார்த்தோம், தப்பித்தோம். லியானுக்கு ஆறு சுமை வந்தது. போன வாரம் கிடைத்த எலும்பு விசில்தான் அவளுக்குப் பத்தாவது பொடிச்சாமான்.

அந்த விசிலைத் தூக்கிப் போட்டால் போதும், ஒன்பதாகிவிடும் என்றேன். ஃப்ரேசர் மொத்தத்தையும் வீசச் சொன்னான். நீலப் பொத்தான், உடைந்த சாவி, அரக்கன் வீட்டு மரக்கரண்டி, கண்ணாடி மணி. ஒன்றுகூட இதுவரை எதற்கும் உதவியதில்லை என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினான்.

லியான் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "வாளை விட்டுட்டுப் போறேன்" என்றாள்.

டெஸ் நிமிர்ந்தார். அக்கரையில் என்ன காத்திருக்கிறது என்று தெரியாமல் வெறுங்கையோடு போகக் கூடாது என்றார். கதை சொல்கிறவர் இப்படி எச்சரிக்கவே கூடாது. அவர் எச்சரித்து அன்றுதான் கேட்டேன்.

"விசிலையாவது விடு லியான். அதுக்கு ஒரு உபயோகமும் இல்ல. நானே சொல்றேன்."

"உபயோகம் இல்லன்னு தெரியும். இதெல்லாம் நீ குடுத்தது."

நீ என்றாள். சத்திரக்காரி இல்லை, படகோட்டி இல்லை. ஃப்ரேசர் வாயைத் திறந்தான். கோப்பை கழுவுவதைப் பற்றித்தான் சொல்லப் போகிறான் என்று மேசைக்கடியில் அவன் காலை மிதித்தேன். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அந்தப் பத்துக்கும் எடையே இல்லை என்றிருந்தால் அவை பேசாமல் அவள் பையிலேயே கிடந்திருக்கும். வாளா அவையா என்று அவளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

டெஸ்ஸின் காது சிவந்துவிட்டது. பகடையை எடுத்தார், கீழே வைத்தார்.

"வெள்ளிக்கிழமை அவங்களுக்கு என்ன பதில் சொல்லப் போற?"

"தெரியல. இங்க யாரும் என்னை ஒண்ணும் கேக்கலையே."

"போகாத, லியான்."

அவ்வளவுதான் சொன்னார். அவள் தலையாட்டினாள். பிறகு அந்தத் தாளில் வாள் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, "சரி, குதிக்கிறேன். தண்ணி எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை லியான் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவள் அக்கா தொலைபேசியில் திட்டிய திட்டு பேக்கரிக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டதாம். இப்போது டெஸ் பேக்கரிக்குப் பின்னால் உள்ள வீட்டில் லியானோடு இருக்கிறார். சமையலறை ஜன்னலைத் திறந்து வைப்பதா மூடுவதா என்று இருவரும் தினமும் சண்டை போடுகிறார்கள். கதையிலோ, வாள் இல்லாத பிரையரை அக்கரையில் காவல்நாய்கள் புரட்டி எடுத்துவிட்டன. அவளைத் தேற்றவே எனக்கும் ஃப்ரேசருக்கும் அந்தக் குளிர்காலம் சரியாகப் போயிற்று.

சின்னச் சாமானுக்கெல்லாம் கணக்கு எதற்கு என்று சலித்துக்கொள்பவர் ஒருவராவது உங்களுக்குத் தெரிந்திருப்பார். அவரிடம் வாதாட வேண்டாம். லியான் வாளை விட்டுவிட்டு ஆற்றில் இறங்கிய கதையை மட்டும் சொல்லிவிடுங்கள்.