எனக்குப் பிடித்த மூன்று மெதுவான பாடல்கள்

வார நாட்களில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் விமானப் பராமரிப்பு வேலை. ஞாயிறு மாலைகளில் லிட்டில் இந்தியாவில் ஓர் உணவகத்தில் கிட்டார் வாசித்துப் பாடுவேன். எதையும் வரிசைப்படுத்திச் செய்தால்தான் எனக்கு நிம்மதி. அதனால் முதலில் எல்லாருக்கும் தெரிந்த வேகமான பாடல்கள், நடுவில் எனக்கு மிகவும் பிடித்த மூன்று மெதுவான பாடல்கள், கடைசியில் மறுபடியும் வேகம்.

வேகமான பாடல்களுக்குக் கைதட்டல் விழும். என் மூன்றுக்கும் ஒருவரும் தட்டமாட்டார்கள். இந்த வாரமும் தட்டாவிட்டால் அவற்றை எடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். தட்டவில்லை. எரிச்சலோடு கிட்டாரை உறையில் வைத்துக்கொண்டிருந்தபோது கடை முதலாளி வந்தார்.

“தங்கச்சி, அந்த ஸ்லோ பாட்டெல்லாம் அடுத்த வாரம் வேணாம் லா.”

“யாருக்கும் பிடிக்கலையாண்ணே?”

“அட, நீங்க வேற! அதை ஆரம்பிச்சா சாப்பிட்டு முடிச்சவங்ககூட எழுந்திரிக்க மாட்டேங்கறாங்க. பில் கட்டிட்டு அப்படியே உக்காந்திருக்காங்க. வெளியே கியூ நிக்குது. நான் எப்படிக் கடை நடத்துறது?”

அந்தப் பாடல்களில் விரல் வேலை அதிகம். தந்திகளையே பார்த்துக்கொண்டிருப்பேன்; மேசைகளை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறு அவர் சொன்னபடியே பாடினேன். பலமாகத் தட்டினார்கள், உடனே எழுந்து போனார்கள். முதலாளிக்குச் சந்தோஷம். எனக்கு ஆத்திரம்தான் வந்தது, அவர்மேல் பாதி, என்மேல் பாதி. அத்தனை வாரம் எனக்காக உட்கார்ந்திருந்தவர்களை நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையே.

இப்போது, உட்கார்ந்திருப்பவர்களை எழுப்ப நினைக்காத ஒரு கடையைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.