வட்டத்துக்குள் ஒரு குறுக்குக் கோடு

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். அப்பாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன். கூடவே, ஓராண்டாக யாரிடமும் சொல்லாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன்.

கண்டமங்கலத்தை அடுத்த சிற்றூரில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை பயிரிடும் குடும்பத்தில் அப்பா பிறந்தார். விழுப்புரத்தில் ஐ.டி.ஐ. முடித்த கையோடு கப்பல் பழுதுபார்க்கும் தளத்துக்கு வேலைக்குப் போனார். மும்பை, விசாகப்பட்டினம், பிறகு வளைகுடா என்று வாழ்நாளில் பாதி அங்கேயே கழிந்தது. தண்ணீரிலிருந்து ஏற்றி நிறுத்திய கப்பலின் அடிப்பக்கத்தைத் தகடு தகடாகச் சோதிப்பது அவர் வேலை. சுத்தியலால் தட்டிக் காது கொடுப்பார். பிறகு கனம் காட்டும் சிறு கருவியை வைத்து அளப்பார். உப்புநீர் இரும்பை உள்பக்கமாக அரித்துக்கொண்டே போகும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்.

"ஓட்ட வுழுந்தப்புறம் அடைக்கறதுக்கு ஆள் கெடைக்கும். வுழறதுக்கு முன்னாடி பாத்து சொல்றதுதாம்மா என் வேல" என்பார்.

தகடு மெலிந்த இடத்தில் மார்க்கர் பேனாவால் வட்டம் போடுவார். வெறும் வட்டம் என்றால், அடுத்த முறை கப்பல் தளம் ஏறும்போது மறுபடி பார்த்துக்கொள்ளலாம். வட்டத்துக்குள் குறுக்குக் கோடு இருந்தால் உடனே வெட்டி மாற்ற வேண்டும், அதுவரை கப்பல் கடலில் இறங்கக் கூடாது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது அத்துப்படி. அம்மாகூட ஒழுகும் குடத்தில் சாக்பீஸால் வட்டமும் கோடும் போட்டு, "ஏங்க, இத இன்னிக்கே மாத்தணும்" என்று அவர் முன்னால் கொண்டுவந்து வைப்பார்.

லீவில் வந்தாலும் கை சும்மா இருக்காது. கூட்டேரிப்பட்டில் பஸ் ஏறினால் முதலில் தரைத் தகட்டைக் காலால் தட்டிப் பார்ப்பார். "இங்க நிக்காத, முன்னாடி போ" என்பார். கண்டக்டர் முறைப்பார். எனக்கு மானம் போகும்.

ஒரு முறை அவர் போட்ட குறுக்குக் கோட்டை, கப்பல் தாமதமாகிவிடும் என்று மேஸ்திரி ஒருவர் பெயின்ட் தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிட்டாராம். வட்டம் மட்டும் மிச்சம். அப்பா ஏணி போட்டு ஏறி, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தார். துடைத்த இடம் மங்கலாகத் தெரிந்தது. ஏணியை விட்டு இறங்க மாட்டேன் என்று நின்றுவிட்டார். தகட்டை வெட்டி எடுத்தபோது உள்பக்கம் அப்பளம் மாதிரி நொறுங்கியதாம்.

"வட்டத்த மட்டும் பாத்து நம்பிடாத பாப்பா. உள்ள தொடச்சிருக்குதான்னு பாரு" என்று அந்தக் கதையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

வேலையை விட்டு ஊரோடு வந்த பிறகு இருமல் ஆரம்பித்தது. பட்டறைத் தூசு, தானாகப் போய்விடும் என்றார். தங்கைக்கு வரன் அமைந்து, மூன்று மாதத்தில் கல்யாணம் என்று தேதி குறித்திருந்தோம். அப்பா மெலிந்துகொண்டே வந்தார். நாங்கள் அலைச்சல் என்று நினைத்தோம். சட்டை தோளில் தொங்கியது; தையல்காரர் அளவு தப்பாக எடுத்துவிட்டார் என்று அம்மா திட்டினார்.

நிச்சயதார்த்தத்துக்குத் திண்டிவனத்திலிருந்து வந்திருந்தேன். பட்டுப்புடவை எடுக்கப் பீரோவைத் திறந்தேன். அடித்தட்டில் ஒரு எக்ஸ்ரே கவர் இருந்தது. உள்ளே அப்பாவின் நெஞ்சுப் படம். வலது பக்கம் ஒரு வெள்ளை நிழல், அதைச் சுற்றி அவர் கையால் போட்ட வட்டம். அவசரமாக வட்டத்துக்குள் பார்த்தேன். கோடு இல்லை.

கோடு இல்லை என்றதும் எனக்கு உயிர் வந்தது.

அவரிடம் கேட்டேன். புடவை மடிப்பைப் பார்த்துக்கொண்டே, "வெறும் வட்டம்தானம்மா? அடுத்த தபா பாத்துக்கலாம். அம்மாகிட்ட சொல்லிக்கினு பேஜாரு பண்ணாத" என்றார். நானும் சரி என்று கவரை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

கல்யாணத்தில் அப்பா ஓடியாடி எல்லோரையும் சாப்பிட வைத்தார். வந்தவர்களுக்கு அது நினைவிருக்கும். மறுவீட்டு விருந்தன்று வாசற்படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. புதுச்சேரி மருத்துவமனையில் பழைய படம் இருந்தால் கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுபோனேன். வராந்தா ஜன்னல் வெயிலில் அதைச் சாய்த்துப் பிடித்தபோது தெரிந்தது. வட்டத்துக்குள், குறுக்காக, ஸ்பிரிட் போட்டுத் துடைத்த தடம்.

அவர் கோடு போட்டிருந்தார். போட்டுவிட்டு, அவரே துடைத்திருந்தார்.

"ஏம்பா தொடச்சீங்க?" என்று கட்டிலருகே நின்று அழுதேன்.

"ஆஸ்பத்திரில படுத்தா கல்யாணத்த தள்ளிப்போடுவீங்க. அதுக்குள்ள நான் பூட்டா, ஒரு வருஷம் ஊட்ல நல்ல காரியமே பண்ணக்கூடாது. சின்னது பாவம்மா." கொஞ்ச நேரம் இருமினார். பிறகு, "நீ டார்ச் அடிச்சுப் பாத்துடுவியோன்னுதான் பயந்துக்கினே இருந்தேன்" என்றார்.

நான் பார்க்கவில்லை. அடுத்த மாதமே அப்பா போய்விட்டார்.

மறுவீட்டன்று கூப்பிட்டதும் காரை எடுத்து வந்த பக்கத்து வீட்டு அண்ணனுக்கும், மருத்துவமனையில் முறை வைத்துத் துணையிருந்த சொந்தங்களுக்கும், விசாகப்பட்டினத்திலிருந்து வந்து அப்பாவின் சுத்தியலை அவர் காலடியில் வைத்து வணங்கிய தோழர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தங்கைக்கு இதைப் படிக்கும்போதுதான் தெரியவரும். அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. அவளை யாரும் எதுவும் கேட்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்பா, எங்கே பார்க்க வேண்டும் என்று நீங்கள்தான் சொல்லியிருந்தீர்கள். படம் என் கையில்தான் இருந்தது. என்னை மன்னித்துவிடுங்கள்.